எச்சில் பாத்திரம்

மந்தைவெளி,
4 ஜூன் 2024.

கர்த்தருக்குள் பிரியமான சுகிர்தம் அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் கிருபாவதி எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டவர் தயவில் ஓடுகிறது. ஓசூரில் உங்களுக்கும் ஆல்வினுக்கும் மருமகளுக்கும் உடம்பு எப்படி?

கோபத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். மார்ச் மாதம் உங்கள் பிள்ளை போன் செய்து, "அத்தை, அம்மா இனிமே போன்ல பேச மாட்டாங்களாம். பேசினா உங்க ரெண்டு பேருக்கும் சண்டைதான் வருதாம். லெட்டர் எழுதச் சொன்னாங்க" என்றான். சண்டை வருவது உண்மைதான். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முப்பத்தொரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள். சண்டை போடாமல் பேச நாம் என்ன விருந்தாளிகளா? மூன்று மாதம் வீம்பாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்று திருவிருந்து. நம் இடம்தான் உங்களுக்குத் தெரியுமே, இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழே. நீங்கள் ஓசூர் போன இந்த இரண்டு வருஷமாக உங்கள் இடத்தில் என் கைப்பைதான் உட்காருகிறது. அன்று ஒருத்தி வந்தாள். பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். வாய் நிறைய வெற்றிலை. கோயிலுக்குள் வெற்றிலை, அண்ணி!

பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்றபோது எனக்கு இடது பக்கம் அவள். அதனால் எல்லாருக்கும் பொதுவான ரசப் பாத்திரம் அவளுக்கு முதலில். ஆயர் அவள் வாயில் வைத்தார், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார், கொஞ்சம் திருப்பி என்னிடம் நீட்டினார். துணியெல்லாம் செக்கச்செவேலென்று கறை. அது திராட்சை ரசமா வெற்றிலைச் சாறா என்று யார் பிரித்துச் சொல்வது? விளிம்பில் ஒரு பாக்குத் துணுக்கு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடித்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். கொலோன் தெளித்த கைக்குட்டை மட்டும் இல்லாதிருந்தால் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன்.

ஒருத்தர் டம்ளரில் இன்னொருத்தர் குடிக்கக் கூடாது என்று முப்பது வருஷம் பெண் பிள்ளைகளுக்கு ஹோம் சயின்ஸ் பாடம் எடுத்தவள் நான். எனக்கு இந்தத் தண்டனை.

உங்கள் ஜெபத்தில் என் முழங்காலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கோபம் தீராத,
கிருபாவதி


ஓசூர்,
20 ஜூன் 2024.

அன்புள்ள கிருபாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சத்தம் கேட்டு ஆல்வின் ஓடி வந்தான். நான் சிரித்து வெகு நாளாகிறதாம்.

எனக்குச் சுகம்தான். கொஞ்சம் பல் தொந்தரவு, அதனால் கஞ்சியும் கூழுமாக ஓடுகிறது. இங்கே கோயில் தூரம். ஞாயிறு ஆராதனையை டிவியில் பார்த்துக்கொள்கிறேன்.

தாயம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசு. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பெஞ்சை நமக்கு யாரும் பட்டா போட்டுத் தரவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

உன் அண்ணி,
சுகிர்தம்


மந்தைவெளி,
9 ஜூலை 2024.

பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. உங்கள் பல்லை டாக்டரிடம் காட்டினீர்களா? ஓசூரில் பல் டாக்டருக்கா பஞ்சம்?

அவள் பேர் தாயம்மா என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் எழுதிய ஞாபகம் இல்லை. எனக்கே போன ஞாயிறுதான் தெரியும். பெரும்பாக்கம் என்பதும் சரிதான். ஆயரின் மனைவி ஆல்வினிடம் போனில் சொல்லியிருப்பார். அவர் வாயில் எது நிற்கிறது?

நீங்கள் சொன்னதற்காக முகம் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். பாட்டுப் பாடும்போது என் பக்கம் திரும்பி, "இன்னா டீச்சர், வாய்க்குள்ளயே பாடிக்கினு கீற? சாமிக்கு எப்டிக் கேக்கும்?" என்கிறாள். அடைமழையில் தகரக் கூரை அதிர்வதுபோல் இருக்கிறது அவள் குரல். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் குடிசையாம். இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களாம். "எங்க ஜெபக்கூடத்தையும் வூட்டோட சேத்து இட்ச்சிட்டாங்க டீச்சர். அதான் இங்க வர்றேன்" என்றாள். பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாவப்படுவது வேறு, எச்சிலைக் குடிப்பது வேறு. இந்த மாதமும் உதட்டை மூடிக்கொண்டேன்.

எனவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். சபைக் கமிட்டிக்கு மனு. மாடி வீட்டு ஸ்ரீரங்கன் மாமா தன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொடுத்தார். முக்கியமான வரியை உங்களுக்காக எழுதுகிறேன்: "வாயில் புண் உள்ளவர்கள், எச்சில் ஒழுகுகிறவர்கள், வெற்றிலை போடுகிறவர்கள் குடித்த பாத்திரத்தில் மற்றவர்களும் குடிப்பது அருவருப்பானது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கப் வழங்க வேண்டும்." எப்படி இருக்கிறது? இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தேழாவது நீங்கள். உங்கள் மளிகைச் சீட்டை முப்பத்தொரு வருஷம் பார்த்தவளுக்கு உங்கள் கையெழுத்து வராதா? நானே போட்டுவிட்டேன்.

டிவி ஆராதனை என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லை? மழையில் முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயிலுக்கு என்னை இழுத்துப்போன சுகிர்தம் அண்ணி எங்கே போனார்?

எல்லாருக்கும் என் அன்பு.

கிருபாவதி


ஓசூர்,
19 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள கிருபா,

பதில் எழுத ஆறு வாரமாகிவிட்டது. மன்னித்துக்கொள். நாங்கள் நலம், நீ நலமாக இரு.

அந்த மனுவிலிருந்து என் பேரை எடுத்துவிடு. காரணம் கேட்காதே. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சுகிர்தம்


மந்தைவெளி,
3 செப்டம்பர் 2024.

அண்ணிக்கு,

உங்கள் நாலு வரிக் கடிதம் வந்தது. சுகமா என்று கேட்கக்கூட எனக்கு மனமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். சுகம்தானே?

பேரை எடுக்க முடியாது. மனு ஜூலையிலேயே கமிட்டிக்குப் போய்விட்டது. அதோடு, எனக்குப் புரியவும் இல்லை. என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்து, "எங்க நாத்தனாருக்கு ராஜ வம்சம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். என் சுபாவம் இன்றைக்கா உங்களுக்குத் தெரிகிறது? ஓசூர் போனதும் தாராள மனசு வந்துவிட்டதோ?

போன ஞாயிறு கமிட்டிச் செயலாளர் மனுவை ஆராதனை முடிவில் மைக்கில் வாசித்தார். கமிட்டி ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, இருபத்தேழு பேரையும் வாசித்தார். "திருமதி சுகிர்தம்" என்றபோது தாயம்மா விருட்டென்று எழுந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். வெற்றிலை என்று வாசித்தபோது கல்லாக உட்கார்ந்திருந்தவள், உங்கள் பேருக்கு ஏன் எழுந்தாள்? எனக்கு விளங்கவில்லை.

ஸ்ரீரங்கன் மாமாவிடம் மனு நிறைவேறியதைச் சொன்னேன். "நன்னா பண்ணினேள் டீச்சர். எச்சில்னா எச்சில்தான். எங்காத்துல காலங்காலமா பாத்துண்டுதானே இருக்கோம்" என்றார். நல்ல மனிதர், மெச்சித்தான் சொன்னார். ஆனால் அவர் மெச்சியது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அன்று முழுக்க அப்பா முகம் கண்ணிலேயே நின்றது. வயதாகிறதல்லவா, சம்பந்தமில்லாமல் யாராவது நினைவுக்கு வருகிறார்கள்.

ஆல்வினுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

கிருபாவதி


மந்தைவெளி,
8 அக்டோபர் 2024.

அண்ணிக்கு,

நீங்கள் பதில் போடாவிட்டாலும் நான் எழுதுவேன். கஞ்சியை விட்டு இட்லிக்காவது வந்தீர்களா?

கப் வந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. தூ என்று துப்பலாம் போல இருக்கிறது.

இருமல் மருந்து மூடி அளவு பிளாஸ்டிக் கப். கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டுவதுபோல் தட்டில் வைத்துப் பெஞ்சு பெஞ்சாக நீட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் முழங்கால் போடவில்லை. ஒருவர் ஆயர் சொல்வதற்கு முன்பே குடித்துவிட்டார். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே குடித்தார். முன் பெஞ்சுக் குழந்தை இன்னொன்று கேட்டு அழுதது. நான் என் கப்பை உதட்டில் வைத்தேன். சுத்தமாக இருந்தது. மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது.

அதன் பிறகுதான் கூத்து. பெஞ்சுக்கு அடியில் மிதிபட்ட கப், தரையெல்லாம் பிசுபிசுப்பு, அதற்குள் எறும்பு. "மனு கொடுத்தவங்க நீங்கதானே டீச்சர், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று செயலாளர் ஒரு கறுப்புப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். எச்சில் ஆகாது என்று மனுப் போட்டவள் நானூறு எச்சில் கப்பைப் பொறுக்கினேன், அண்ணி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய உதட்டுச் சாயம், யாரோ ஒருவருடைய பல் கடி. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

தாயம்மா வரவில்லை. என் பை மறுபடியும் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவள் இல்லாமல் பாட்டு சவசவவென்று இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கிருபாவதி


மந்தைவெளி,
14 அக்டோபர் 2024.

அண்ணி,

நேற்று சாயங்காலம் தாயம்மா வீட்டுக்கு வந்தாள். ஆயரிடம் விலாசம் வாங்கினாளாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தம்மா பேர அதுல ஏன் போட்ட டீச்சர்?"

"எங்க அண்ணி பேரு. உனக்கென்ன வந்தது?"

"எனக்கு இன்னாவா? அவங்களுக்குப் பாதி நாக்கு கெடையாது, தெர்யுமா உனக்கு? நான் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரில ஆயாவா கீறேன். பிப்ரவரி மாசம் வெட்டி எட்த்தாங்க. பதினோரு நாளு என் வார்டுதான். கஞ்சி ஊத்தனா இந்தாண்ட ஒழுவும், நான்தான் தொட்ச்சிக்கினு இருப்பேன். கப்புல வாய் வெச்சா எல்லாரும் மூஞ்சி சுளிப்பாங்கன்னுதான் அது கோயிலுக்கே போவாம குந்திக்கினு கீது. நீ இன்னாடான்னா, எச்சில் ஒழுவுறவங்க வேணாம்னு எழ்தி, அதுங்கீழ அது பேரையே போட்டுக் கீற."

நீ எப்படி நம் கோயிலுக்கு வந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"அதுதான் அனுப்ச்சுது. சிலேட்டுல எழ்திக் காட்டுச்சு, நர்ஸம்மா பட்ச்சி சொன்னாங்க. 'இடது பக்கம் மூணாவது பெஞ்சில என் நாத்தனா தனியா இருப்பா. வாய்தான் நீளம், ஆளு நல்லவ. பக்கத்துல போய் உக்காரு'ன்னு. மூணு மாசம் ஞாயித்துக்கெழம டூட்டி, அப்பாலதான் வந்தேன். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. இன்னிக்கி அத ஒட்ச்சிட்டேன். தேவன் என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

போய்விட்டாள்.

அடையாறு இங்கிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். பதினோரு நாள் அங்கே கிடந்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை. பல் தொந்தரவு என்று எழுதினீர்கள். உங்கள் மேல் வரும் கோபத்தைவிட என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று எழுதுங்கள். வார்த்தையை மெழுகாமல் எழுதுங்கள்.

கிருபா


ஓசூர்,
3 நவம்பர் 2024.

என் அன்புள்ள கிருபாவுக்கு,

ஆண்டவர் உன்னைத் தேற்றுவாராக. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மெழுகாமல் எழுதச் சொன்னாய்.

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டே இருந்தது. புண் தானாக ஆறிவிடும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். பிறகு வெட்ட வேண்டியதாயிற்று. கரண்ட் வைத்ததெல்லாம் பெங்களூரில் முடிந்தது. இப்போது மிச்சம் எதுவும் இல்லை என்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஆனால் பேசினால் ஆல்வினுக்கு மட்டும்தான் புரிகிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். சண்டை என்று சொன்னால் நீ நம்புவாய் என்று தெரியும்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? உன் அண்ணன் வாதம் வந்து ஏழு வாரம் படுக்கையில் கிடந்தார். நீ ஒரு நாள்கூட அந்த அறைக்குள் வரவில்லை. அந்தக் கொலோன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று, "அண்ணா, எப்படி இருக்க?" என்று கேட்பாய். அவருக்கு வாய் கோணி எச்சில் வழியும். நீ திரும்பிக்கொள்வாய். அவர் அதைப் பார்ப்பார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை, உன் சுபாவம் அது. நீ அந்த ஏழு வாரமும் சமைத்தாய், துவைத்தாய், மருந்துக் கடைக்கு ஓடினாய். வாசற்படியை மட்டும் தாண்டவில்லை. என்னையும் நீ அங்கே நின்றபடி விசாரிப்பாயோ என்று பயந்தேன். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

டிவி ஆராதனைக்கு நீ திட்டினாய். டிவியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பிரசங்கம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆனால் பக்கத்தில் சுதி சேராமல் முணுமுணுக்க நீ இல்லை. நானூறு பேர் சேர்ந்து ஆமென் சொல்லும்போது பெஞ்சு அதிருமே, அது இல்லை. முப்பத்தொரு வருஷம் அது கிடைத்ததற்கு நான் ஒரு நாளும் தனியாக நன்றி சொன்னதில்லை. இப்போது தினமும் சொல்கிறேன்.

இன்னொன்று. ஸ்ரீரங்கன் மாமா மெச்சியபோது உனக்கு உன் அப்பா ஞாபகம் வந்ததென்று எழுதியிருந்தாய். சம்பந்தமில்லாமல் வரவில்லை. உன் அப்பாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். முதல் தடவை கோயிலில் எல்லாரும் குடித்த பாத்திரம் தன் வாய்க்கு வந்தபோது, குடித்துவிட்டுக் கழுவித் தரட்டுமா என்று கேட்டாராம். உனக்கும் அது தெரியும். மறந்திருந்தாய்.

தாயம்மாவை விட்டுவிடாதே.

சுகிர்தம்


மந்தைவெளி,
3 டிசம்பர் 2024.

என் அண்ணிக்கு,

சுகமா என்று கேட்க இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. இன்று கேட்கிறேன். சுகமா அண்ணி? வலிக்கிறதா? ராத்திரி தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஸ்டவ் பற்றவைக்கவில்லை. அண்ணன் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது எனக்கும் தெரியும். தெரியாததுபோல் ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பெரும்பாக்கம் போனேன். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, படியெல்லாம் மூத்திர நாற்றம். ஆறாவது மாடியில் உட்கார்ந்து அழுதேன். அழுதது முழங்காலுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயம்மா கதவைத் திறந்து, "இன்னா டீச்சர், இம்மாந்தூரம்?" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளர் விளிம்பில் பழைய டீக்கறை. குடித்தேன். கோயிலுக்கு வா என்றேன். "கப்பு குடுக்கற எடத்துக்கு நான் வரல. அது மர்ந்து மாரி கீது" என்றாள். அவள் ஒரு தடவைகூட அதைக் குடிக்கவில்லை, எப்படித்தான் தெரிந்ததோ!

ஸ்ரீரங்கன் மாமாவிடம் இன்னொரு மனு தட்டச் சொன்னேன். "இதென்ன டீச்சர், ஜூலைல ஒண்ணு சொன்னேள், இப்போ வேற சொல்றேளே?" என்றார். "ஜூலைல எனக்குப் புத்தி கெட்டுப் போயிருந்துது மாமா, நீங்க டைப் பண்ணுங்க" என்றேன். சபைக் கூட்டத்தில் நானே எழுந்து வாசித்தேன். உங்கள் கையெழுத்தை நான்தான் போட்டேன் என்பதையும் வாசித்தேன். செயலாளர் முகம் சுண்டைக்காயாகிவிட்டது. முன்னால் மெச்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் ஆயர், கப் வேண்டுபவர்கள் பெஞ்சில் இருக்கலாம், பாத்திரம் வேண்டுபவர்கள் பீடத்துக்கு வரலாம் என்று முடித்தார்.

முந்தாநாள் ஞாயிறு பீடத்துக்குப் போனவர்கள் பத்தொன்பது பேர். தாயம்மா எனக்கு இடது பக்கம். வாசல் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாளாம். "பாக்கறியா டீச்சர்?" என்று என் முகத்துக்கு நேரே ஆவென்று திறந்து காட்டினாள். பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். புற்று வார்டில் வேலை செய்துகொண்டு வெற்றிலை போடுகிறாயே, அறிவிருக்கிறதா என்று திட்டினேன்.

பாத்திரம் வந்தது. அருவருப்பு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் உதட்டைத் திறந்தேன். ஒரு வாய் உள்ளே போயிற்று. ஜூனிலிருந்து நான் உண்மையாக எடுத்த திருவிருந்து அது ஒன்றுதான். கொலோன் பாட்டிலைத் தாயம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வார்டில் தரை துடைக்கிற தண்ணீரில் ஊற்றிவிட்டாளாம்.

ஜனவரி ஐந்தாம் தேதி அடுத்த திருவிருந்து. வாருங்கள், அண்ணி. நான் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள்,
கிருபா


ஓசூர்,
17 டிசம்பர் 2024.

அன்புள்ள கிருபா,

வலி இல்லை. தூக்கம் வருகிறது. உன் கடிதத்தை ஆல்வினுக்கும் வாசிக்கக் கொடுத்தேன்.

நாலாம் தேதி சனிக்கிழமை பகல் பஸ்ஸில் ஆல்வின் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறான். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. நான் பேசினால் உனக்குப் பாதிதான் புரியும். சிரித்தால் இடது பக்கம் வழியும். குடித்தால் நிச்சயம் வழியும். பாத்திரத்துக்குள்ளேயும் விழும். எனக்கு அடுத்து முழங்கால் போடுகிறவருக்கு அது கஷ்டம். அன்றைக்குப் பீடத்தில் வைத்து உன் முகத்தைப் பார்த்து இதை நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. உன்னால் முடியாதென்றால் இப்போதே எழுதிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன், டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

நம் தெருவில் இந்த மழைக்குத் தண்ணீர் நின்றதா? கால் ஜாக்கிரதை.

சுகிர்தம்


மந்தைவெளி,
20 டிசம்பர் 2024.

அண்ணிக்கு,

டிக்கெட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

தெருவில் தண்ணீர் நின்றது, சாக்கடையும் சேர்ந்து நாறியது, வடிந்துவிட்டது. உங்கள் அறையைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டேன். கஞ்சிக்கு நொய்யரிசி வாங்கியாகிவிட்டது. பேசுவது புரியாவிட்டால் என்ன, புரிந்தபோது மட்டும் நான் கேட்டேனா? சண்டைக்குச் சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு. எனக்கு ஒன்று வேண்டாமா?

துண்டும் இரண்டு எடுத்து வருவேன். ஒன்று உங்கள் வாய்க்கு. இன்னொன்று, எனக்குக் குமட்டினால் எனக்கு. குமட்டாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வாசற்படியில் நிற்க மாட்டேன், அண்ணி. அது ஒரு தடவை போதும்.

தாயம்மாவிடம் வரிசையைச் சொல்லிவிட்டேன், எல்லாரும் எடுத்த பிறகு கடைசியில் நாம் மூன்று பேர். முதலில் அவள், அடுத்து நீங்கள், உங்களுக்கு அடுத்து நான். பாத்திரத்தில் என்ன வழிந்தாலும் துடைக்க வேண்டாம் என்று ஆயரிடமும் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருப்பதை நான் குடித்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
கிருபாவதி